தலைவர் வீட்டு லேப்டாப்

அந்த லேப்டாப் முதல்முறை தானாக அணைந்தபோது வீட்டில் யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை. வயதான ஜீவன்கள் வேலைக்கு நடுவே கண்ணயர்வது அந்த வீட்டுக்குப் புதிதல்ல. மாமனாரும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நாற்காலியில் உட்கார்ந்தபடியே அணைந்துபோவார். கால் மணி கழித்துத் தானே விழித்து, "தூங்கலம்மா, ஒரு விஷயத்த யோசிச்சிட்டிருந்தேன்" என்பார். லேப்டாப் அந்தச் சமாதானம்கூடச் சொல்வதில்லை. பொத்தானை அழுத்தி எழுப்பவேண்டும்; எழுந்து, முனகி, சக்கரம் சுற்றி, பழையபடி வேலைக்கு வர ஒன்பது நிமிடம் பிடிக்கும்.

இரண்டாவது வாரத்தில் அது நாளுக்கு நாலு தடவை அணைந்தது. அப்போதுதான் மருமகள் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கினாள்.

இழுத்து மூடப்பட்ட ஏதோ ஓர் அலுவலகத்திலிருந்து புருஷன் வாங்கிவந்தது அது. மூடியின்மேல் 'கணக்குப் பிரிவு 4, வெளியே எடுத்துச் செல்லக்கூடாது' என்று ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. அதைச் சுரண்டிப் பார்த்தும் போகவில்லை. வரும்போதே பாட்டரிக்கு உயிர் இல்லை. சார்ஜர் வயரைப் பிடுங்கினால் அந்த நிமிடமே இருட்டு. விசைகளில் பாதி எழுத்து தேய்ந்துபோயிருந்தது. அவள் விரல்களுக்கு அது ஒரு குறையாகப் படவில்லை. ஏழு வருடமாக அவள் வேலையே காதால் கேட்டுக் கையால் அடிப்பதுதான்.

டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டுக் கருவியில் பேசிவைப்பதை எழுத்தாக்கி அனுப்பும் வேலை. நாளுக்கு ஐந்து ஃபைல். எலும்பு டாக்டர் எப்போதும் எதையாவது மென்றுகொண்டே பேசுவார். அவர் சொல்வது தொடை எலும்பா, வாயில் இருக்கும் பிஸ்கட்டா என்று சில சமயம் தெரியாது. தோல் டாக்டர் தன் டிரைவரைத் திட்டுவதையும் சேர்த்தே பதிவு செய்துவிடுவார். நோய் எது, வசவு எது என்று பிரித்துப் போடுவதுதான் அவள் கெட்டிக்காரத்தனம். எடுத்த ஃபைலைக் கெடு நேரத்துக்குள் முடித்து அனுப்பிவிடவேண்டும். வரிக்கு வரி சேமித்துக்கொண்டுதான் அடிப்பாள், எழுதியது எதுவும் அழியாது. ஆனால் நாலு தடவை ஒன்பது நிமிடம் போனால் கெடு எங்கே நிற்கும்?

வேலையை மேற்பார்க்கும் மேடம் போன்செய்தாள். அவளைவிடப் பத்து வயது சின்னவள். குரலில் எப்போதும் ஒரு சிரிப்பு உண்டு. அந்தச் சிரிப்புதான் பயம்.

"சிஸ்டர், இந்த மாசம் ரெண்டு ஃபைல் லேட். மூணாவது லேட்டானா லிஸ்ட்ல இருந்து உங்க பேர் தானா போயிடும். நான் எடுக்கறதில்ல, அதுவா எடுத்துடும்."

"எதுவா மேடம்?"

"அதுதான்... அதுவா."

அந்த 'அது'வைத் திட்டவும் முடியாது, கையைக் காலைப் பிடிக்கவும் முடியாது. புருஷன் லிஃப்ட் மெக்கானிக். கம்பெனி அவனுக்கு வாரத்தில் மூன்று நாள்தான் வேலை தருகிறது. மீதி நாளும் வீட்டில் அடுப்பு எரிவது அவள் விரல்களால். இது எல்லாருக்கும் தெரியும். தெரிந்ததனால் யாரும் அதைப் பேசுவதில்லை.

"லிஃப்ட் நின்னுபோச்சுன்னா எடுத்தவுடனே ஸ்பானரத் தூக்கக்கூடாது" என்றான் புருஷன். அவனுக்குத் தன் தொழிலைப் பற்றி மட்டும் நாலு வாக்கியம் கோர்வையாகப் பேச வரும். "எப்ப நின்னது, யார் உள்ள இருந்தாங்க, என்ன பட்டன் அமுக்குனாங்க, எல்லாத்தையும் எழுதணும். பத்து தடவ எழுதுனா பதினோராவது தடவ அதுவே சொல்லிடும், எங்க வலிக்குதுன்னு."

ஒரு பழைய நோட்டை எடுத்து நாலு கட்டம் போட்டுக் கொடுத்தான். மணி என்ன. நீ என்ன செஞ்சுகிட்டிருந்தே. சார்ஜர் விளக்கு எரிஞ்சுதா. அடியில சூடா இருந்துதா.

அவள் ஒழுங்காக எழுதினாள். காலை பத்து பன்னிரண்டு, எலும்பு ஃபைல் அடித்துக்கொண்டிருந்தேன், எரிந்தது, சூடு இல்லை. பத்து நாற்பது, மாமாவுக்குச் சுற்றறிக்கை அடித்துக்கொண்டிருந்தேன், எரிந்தது, இல்லை. பதினொன்று ஐந்து, இருமினேன். பதினொன்றே முக்கால், வெங்காயம் உரித்த கையோடு தொட்டேன். நாள் போகப்போக அவள் எழுதியது குறிப்பாக இல்லாமல் குற்றப் பத்திரிகையாக ஆகிக்கொண்டிருந்தது.

சுற்றறிக்கை என்றதும் மாமனாரைப் பற்றிச் சொல்லியாகவேண்டும்.

இருபத்துநாலு வீடுகள் உள்ள அந்தக் கட்டடத்தின் குடியிருப்போர் சங்கத்துக்கு அவர் தலைவர். போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டவர், தேர்தல் கூட்டத்துக்கு அவரைத் தவிர வந்திருந்தவர் வழி தெரியாமல் நுழைந்த காஸ் சிலிண்டர்காரர். அன்றிலிருந்து கட்டடம் முழுக்க அவரைத் 'தலைவர்' என்றே கூப்பிட்டது. சிலர் மரியாதையாகவும், மற்றவர்கள் கேலியாகவும். அவர் இரண்டையும் ஒரே கணக்கில் வரவு வைத்துக்கொண்டார். வாரத்துக்கு இரண்டு சுற்றறிக்கை மாடிப்படிச் சுவரில் ஏறும். 'இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்' என்று தொடங்கி, ஈரத் துணியைக் கைப்பிடிச் சுவரில் போடவேண்டாம் என்று முடியும். நடுவே ஒரு பக்கம் இருக்கும். அவர் சொல்லச்சொல்ல மருமகள் அடிக்கவேண்டும்.

அதற்கு முன் ஒரு கிடங்கில் முப்பத்திரண்டு வருடம் ஸ்டோர்ஸ் சூப்பரின்டெண்டாக இருந்தவர். உள்ளே வரும் மூட்டைக்கு ஒரு முத்திரை, வெளியே போகும் மூட்டைக்கு ஒரு முத்திரை. குத்திக் குத்தி வலது உள்ளங்கையின் அடிப்பக்கம் குதிங்கால்போலக் காய்த்திருந்தது. வேலை போனாலும் கை ஓயவில்லை. ஒரு வாக்கியம் முடிந்ததென்றால் மேசைமேல் அந்தக் கை 'தொம்'மென்று விழவேண்டும். விழாவிட்டால் அவரைப் பொறுத்தவரை அது சொன்ன சொல் அல்ல, வாயில் இருக்கும் சொல்.

வீட்டில் இருந்தது ஒரே மேசை. அதன் ஒரு கோடியில் லேப்டாப்பும் அவளும். மறுகோடியில் செய்தித்தாளும் அவரும். ஒருநாள் அவள் பொறுக்காமல் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு படுக்கையறைக்குப் போனாள். அவர் தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தார். "தனியா உக்காந்து வேல செஞ்சா தப்ப யாரு கண்டுபிடிக்கறது?" என்றார். மெத்தையில் வைத்ததில் அது அடிவயிறு கொதித்து, உண்மையான காரணத்தோடே அணைந்தது. புருஷன் லிஃப்ட் அறையிலிருந்து கொண்டுவந்த ரப்பர் பாயை அடியில் வைத்தபோதும் அதே கொதிப்பு. மறுபடி மேசை.

ரிப்பேர் கடைக்கு இரண்டு தடவை தூக்கிப்போனாள். வெயிலில் நடந்து, மூன்று தெரு தாண்டி. கடைக்காரர் மெலிந்த மனிதர். பேசும்போதும் ஒரு கண்ணில் பூதக்கண்ணாடி இருக்கும். நாள் முழுக்க ஓடவிட்டுப் பார்த்தார்.

"அக்கா, தங்கமா ஓடுது. ஒரு தடவ கூட அணையல."

"வீட்டுல நாலு தடவ அணையுதே."

"அதான் எனக்கும் புரியல. உள்ள தூசி தட்டிட்டேன். ஃபேன் மாத்திட்டேன். வேற என்ன பண்றதுன்னு தெரியல. நீங்க இங்கயே வந்து உக்காந்து அடிக்கிறீங்களா?" என்று பாவமாகக் கேட்டார்.

கடையில் நல்ல பிள்ளை, வீட்டில் அழிச்சாட்டியம். கோளாறு மெஷினில் இல்லையென்றால் வேறு எங்கே? கேள்வி மெல்ல அவள்மேல் வந்து நின்றது. புருஷன் வாயைத் திறக்கவில்லை. நோட்டைப் புரட்டி, "ஈரக் கையோட தொடாதே" என்று மட்டும் சொன்னான். தலைவருக்கு வாயைத் திறக்கத் தயக்கம் என்ற ஒன்று கிடையாது.

"இத இப்படியே விடக்கூடாது. முறையா ஒரு விசாரணை வேணும்" என்றார்.

"யாரு மாமா விசாரிக்கறது?"

"நான்தான். வேற யாரு இருக்கா?"

தொம்.

திரை கறுத்தது. அவள் நோட்டை எடுத்து எழுதினாள்: பத்து இருபது, மாமாவுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

விசாரணை நாலு நாள் நடந்தது. அவளை எதிரே நிற்கவைத்து, எத்தனை மணிக்கு எழுகிறாய், எந்த விரலால் அதிகம் தட்டுகிறாய், தட்டும்போது மனசில் என்ன ஓடுகிறது என்றெல்லாம் கேட்டார். கடைசிக் கேள்விக்கு அவள் பதில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் விசாரணை அன்றைக்கே முடிந்திருக்கும். இரண்டாம் மாடிக் கண்ணாடிக் கடைக்காரர்மேலும் ஒரு சந்தேகம் விழுந்தது. தண்ணீர் மோட்டார் அறைச் சாவி யாரிடம் இருப்பது என்று அவருக்கும் தலைவருக்கும் எட்டு மாதமாகத் தகராறு.

"என் சுற்றறிக்கை அடிக்கும்போதெல்லாம் கரெக்டா அணையுது பாத்தியா? கீழ இருந்து கரண்ட்ல ஏதோ பண்றான்."

"டாக்டர் ஃபைல் அடிக்கும்போதும் அணையுதே மாமா."

"அது சந்தேகம் வரக்கூடாதுன்னு பண்றது."

ஐந்தாம் நாள், ரிப்பேர் கடைக்காரரே வீட்டுக்கு வந்தார். வியாபாரத்துக்காக அல்ல, இரண்டு தடவை 'தங்கம்' என்று சொல்லி அனுப்பியது அவருக்கு உறுத்திக்கொண்டே இருந்ததாம். மழை தூறிக்கொண்டிருந்தது. நனைந்த செருப்பை வாசலில் விட்டு, மேசைமுன் உட்கார்ந்து, லேப்டாப்பைத் தட்டினார், தடவினார், வயரை அசைத்தார். அது அசையவில்லை. அரை மணி நேரம் பளிங்குபோல எரிந்தது.

"நான் சொல்றேன் கேளுங்க" என்று தலைவர் நாற்காலியை முன்னே இழுத்தார். "நாலு நாள் விசாரிச்சதுல மூணு முடிவுக்கு வந்திருக்கேன். முதலாவது, இது பெண்கள் கையாளற விதம்."

தொம். ஒன்றும் ஆகவில்லை, அந்த அடி செய்தித்தாள்மேல் விழுந்திருந்தது.

"ரெண்டாவது, இந்தக் காலத்து மெஷின் எதுக்கும் பொறுப்புணர்ச்சி கிடையாது!"

தொம். இது மரத்தின்மேல். திரை கறுத்தது.

"பாத்தீங்களா! நான் சொல்லச்சொல்லவே!" என்றார் தலைவர் வெற்றியோடு.

கடைக்காரர் லேப்டாப்பைப் பார்க்கவில்லை. தலைவரின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொத்தானை அழுத்தி, ஒன்பது நிமிடம் காத்திருந்து, திரை வந்ததும் மிகப் பணிவாகக் கேட்டார்:

"சார், அந்த ரெண்டாவது பாயின்ட்ட இன்னொரு தடவ சொல்லுங்க. நல்லா இருந்துது."

தன் கருத்தை இன்னொரு தடவை சொல்லும்படி தலைவரிடம் யாரும் கேட்டதில்லை. அவர் நெகிழ்ந்துபோய், முன்னைவிட விளக்கமாகச் சொல்லி, முன்னைவிடப் பலமாக முத்திரை வைத்தார். இருட்டு.

கடைக்காரர் எழுந்தார். "அக்கா, கொஞ்சம் வெளிய வாங்க."

மாடிப்படியில், சுற்றறிக்கைகளுக்குக் கீழே நின்று, குரலைத் தாழ்த்திச் சொன்னார். "சார்ஜர் சொருகற எடத்துல, உள்ள போர்டுல ஒரு கீறல் விழுந்திருக்கணும். அடி விழுந்தா ஒரு செகண்டு விட்டுடுது. பாட்டரி உயிரோட இருந்தா தெரிஞ்சிருக்காது. என் கடையில யாரு மேசையத் தட்டறா?"

"ஒட்ட முடியாதா?"

"அந்தப் போர்டு இப்ப வர்றதில்லக்கா. பத்தவச்சா அந்தச் சூட்டுல பக்கத்துல இருக்கறதும் போயிடும். பாட்டரியும் இந்த மாடலுக்குக் கெடைக்காது. தட்டாம இருந்தா இன்னும் ரெண்டு வருஷம் ஓடும்."

"தட்டாம இருந்தா."

"ஆமா."

தூறல் படிக்கட்டு ஜன்னலில் வழிந்தது.

"நீங்களே அவர்கிட்ட சொல்லிடறீங்களா? தொழில் தெரிஞ்சவங்க சொன்னா..."

"அய்யோ அக்கா" என்று அவர் செருப்பைத் தேடினார். "எங்கப்பாகிட்டயே நான் இதுவரைக்கும் எதுவும் சொன்னதில்ல."

அவர் போனதும் அவள் சமையலறையில் நோட்டைத் திறந்து, நின்றபடியே முதலிலிருந்து படித்தாள். நாற்பத்தியொரு தடவை. நாற்பத்தியொன்றிலும் இரண்டாவது கட்டத்தில் அவள் என்ன செய்தாள் என்பது இருந்தது. இருமினாள், திரும்பினாள், தண்ணீர் குடித்தாள், பெருமூச்சு விட்டாள் என்றுகூட ஓரிடத்தில் எழுதியிருந்தது. மேசையின் மறுகோடியில் உட்கார்ந்திருந்தவர் என்ன செய்தார் என்பது ஒரு வரியிலும் இல்லை. மத்தியானம் அவர் தூங்கும் நேரத்தில் ஒருதடவை கூட அது அணைந்ததில்லை என்பது எண்களில் பளிச்சென்று தெரிந்தது. கட்டம் போட்டவனுக்கும் தோன்றவில்லை, நிரப்பியவளுக்கும் தோன்றவில்லை. காதில் டாக்டர்களின் குரலை மாட்டிக்கொண்டு உட்காருபவளுக்குச் சத்தம் கேட்காதுதான். ஆனால் மேசை அதிர்ந்தது தெரியாதா? தெரியும். பதினாறு வருடமாக அதிர்கிறது. அந்த வீட்டில் அது ஒரு சம்பவமே அல்ல, சுவர் மாதிரி.

சாயங்காலம் புருஷன் வந்து, கிரீஸ் படிந்த கையைக் கழுவிக்கொண்டே அவள் சொன்னதைக் கேட்டான். கேட்டுவிட்டுக் குழாயை மூடாமல் நின்றான்.

"ஓ" என்றான்.

"ஓன்னா?"

"இல்ல... கரெக்டாத்தான் இருக்கும். லிஃப்ட்லயும் அப்படித்தான், யாரோ ஒருத்தர் கதவ ஒதைக்கற பழக்கம் இருக்கும்."

"அப்ப சொல்லுங்க."

"யார்கிட்ட?"

"கதவ ஒதைக்கறவர்கிட்ட."

அவன் துண்டால் ஒவ்வொரு விரலாகத் துடைத்தான். பத்து விரலும் முடிந்து, மறுபடி முதல் விரலுக்கு வந்தான். "நீ பக்குவமா சொன்னா கேப்பாரு. உன்மேல அவருக்குப் பிரியம்" என்றான்.

ஐம்பது அடி உயரத்தில் கம்பியில் தொங்கி வேலை செய்கிறவன். அவளுக்குச் சண்டை போடக்கூடத் தெம்பு இல்லை. "சாப்பிட வாங்க" என்றாள்.

மறுநாள் காலை வந்தது எலும்பு டாக்டரின் நீளமான ஃபைல். பன்னிரண்டு மணிக் கெடு. பத்துக்குள் ஒருதடவை அணைந்து, ஒன்பது நிமிடம் தின்று எழுந்தது. டாக்டர் அன்று ஏதோ கடினமானதை மென்றுகொண்டிருந்தார். 'இடது முழங்கால்' என்று இரண்டு பக்கம் சொல்லிவிட்டு, 'மன்னிக்கணும், வலது' என்றார். அவள் திரும்பப் போய் ஒவ்வொரு காலாக மாற்றினாள். பதினொன்று முப்பத்தெட்டு. இன்னும் மூன்று பக்கம். இனி ஒருதடவை போனால் தேறாது.

மறுகோடியில் தலைவர் ஞாயிற்றுக்கிழமைப் பொதுக்கூட்டத்துக்கு உரை தயாரித்துக்கொண்டிருந்தார். எழுதுவதில்லை, எதிரே கூட்டம் இருப்பதாக நினைத்து நேராகப் பேசிப்பார்ப்பார். அவள் காதில் முழங்கால் ஓடிக்கொண்டிருந்தது. கடைக்கண்ணில் அவர் உதடு அசைவது தெரிந்தது. தோள் உயர்ந்தது. செய்தித்தாள் ஏற்கெனவே தரையில் சரிந்திருந்தது. வாக்கியம் முடியப்போகிறது என்று அவளுக்குச் சத்தமே இல்லாமல் புரிந்தது. கை மேலே போயிற்று.

அவள் யோசிக்கவில்லை. இடது கையை நீட்டி, அவர் கை விழும் இடத்தில் குப்புற வைத்தாள்.

விழுந்தது. முப்பத்திரண்டு வருடக் கனம் அவள் புறங்கைமேல் முழுசாக இறங்கியது. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. திரை எரிந்துகொண்டிருந்தது.

"அய்யய்யோ! ஏம்மா, கை குறுக்க வந்துடுச்சே! பாத்து வைக்கக்கூடாதா?"

அவள் ஹெட்போனைக் கழற்றினாள். "குறுக்க வரல மாமா. வச்சேன்."

"வச்சியா? எதுக்கு?"

"நீங்க தட்டறப்பதான் இது அணையுது. நேத்து கடைக்காரர் கண்டுபிடிச்சாரு. எனக்கு இன்னும் இருபது நிமிஷம் இருக்கு. இது போச்சுன்னா வேல போச்சு. பன்னெண்டு மணி வரைக்கும் கைய மட்டும் கொஞ்சம் மடியில வச்சுக்குங்க. அப்புறம் என்ன வேணாலும் கேளுங்க."

இவ்வளவு நீளமாக அவள் அவரிடம் பேசியதே கிடையாது. அதுவும் பதிலுக்குக் காத்திராமல் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, வீங்க ஆரம்பித்திருந்த கையோடு அடிக்கத் தொடங்கிவிட்டாள். தலைவர் தன் கையை ஒருதடவை திருப்பிப் பார்த்தார். யாருடையதோ பொருள் தன்னிடம் இருந்துவிட்டதைப்போல. பிறகு மடியில் வைத்துக்கொண்டார்.

பதினொன்று ஐம்பத்தாறுக்கு ஃபைல் போய்ச் சேர்ந்தது. 'கிடைத்தது, நன்றி சிஸ்டர்' என்று மேடத்திடமிருந்து செய்தியும் வந்துவிட்டது. அவள் நாற்காலியில் சாய்ந்தாள்.

"முடிஞ்சுதா?" என்றார் தலைவர்.

"முடிஞ்சுது மாமா."

"இப்ப நான் தட்டலாமா? விசாரணைன்னா ரெண்டு பக்கமும் பாக்கணும்."

தட்டினார். அணைந்தது. ஒன்பது நிமிடம் இருவரும் சக்கரம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "தற்செயலா இருக்கலாம்" என்று மறுபடி தட்டினார். அணைந்தது. இன்னொரு ஒன்பது நிமிடம். மூன்றாவது தடவை கையைத் தூக்கி, பாதியில் நிறுத்தி, மெதுவாகக் கீழே இறக்கி, மேசையைத் தடவிக்கொடுத்தார்.

"உன் கையில ஐஸ் வை" என்றார்.

சனிக்கிழமை விசாரணை அறிக்கை மாடிப்படிச் சுவரில் ஏறியது. அவரே சொல்ல அவளே அடித்தது. லேப்டாப் அணைந்துபோனதற்கு மேசையின் தரக்குறைவே காரணம் என்றும், மரத்தைச் சரிவர உலர்த்தாமல் செய்ததால் அதிர்வு தாங்கவில்லை என்றும், இதில் குடும்ப உறுப்பினர் எவருக்கும் தொடர்பில்லை என்றும் அதில் கண்டிருந்தது. தன் வீட்டு மேசையைப் பற்றி இருபத்துநாலு வீட்டுக்கும் எதற்கு அறிவிப்பு என்று அவள் கேட்கவில்லை. 'எவருக்கும் தொடர்பில்லை' என்பதில் தன் பெயரும் விடுபட்டுவிட்டதே, அது போதும் என்று ஒரு எழுத்து பிசகாமல் அடித்துக்கொடுத்தாள்.

அதன்பிறகு அது அணையவில்லை. தலைவர் மேசைக்கு வந்து உட்கார்ந்ததும் இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்துக்கொள்வார். ஒரு வாரம் ஒரு கோளாறும் இல்லை. எல்லா ஃபைலும் கெடுவுக்கு முன்னால் போயின.

மேடம் போன்செய்தாள். "சூப்பர் சிஸ்டர்! இப்பல்லாம் சீக்கிரம் முடிச்சுடறீங்க. இனிமே அஞ்சு வேண்டாம், எட்டாவே போட்டுடறேன்."

"எட்டா?"

"முடியும் சிஸ்டர், உங்களால முடியும்."

எட்டு ஆயிற்று. முன்பு அது அணையும்போதெல்லாம் பொத்தானை அழுத்திவிட்டு எழுந்துபோவாள். அடுப்பில் எதையாவது வைப்பாள், ஜன்னலோரம் நின்று எதிர்க்கட்டடத்துக்காரி துணி காயப்போடுவதைப் பார்ப்பாள், சும்மா நிற்பாள். இப்போது காலை எட்டரைக்கு உட்கார்ந்தால் மத்தியானம்வரை எழுந்திருக்க முகாந்திரமே இல்லை. இடுப்பு கல்லாக இறுகியது. காதுக்குள் டாக்டர்கள் ராத்திரித் தூக்கத்திலும் மென்றார்கள்.

தலைவருக்கும் ஒன்றும் சரியில்லை. பொதுக்கூட்டத்தில் கையை மடியில் வைத்துக்கொண்டே பேசினார். பழகிவிட்டது. தொடங்கிய வாக்கியத்தை எங்கே முடிப்பதென்று தெரியவில்லை. 'ஆகவே', 'அதனால', 'அதாவது' என்று அது போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் கண்ணாடிக் கடைக்காரர், கேலியாகக்கூட இல்லை, உண்மையாகவே கேட்டார்: "முடிஞ்சுதா சார்?" தலைவர் சற்று யோசித்து, "தெரியல" என்றார். மோட்டார் அறைச் சாவி அன்றைக்கே இரண்டாம் மாடிக்குப் போய்விட்டது. சுற்றறிக்கையும் நின்றது. மாடிப்படிச் சுவரில் பசை காய்ந்த தாள்கள் ஒவ்வொன்றாக மூலை பெயர்ந்து தொங்கின.

மூன்றாவது வாரம், ஒரு புழுக்கமான முற்பகல். அவள் ஆறாவது ஃபைலின் நடுவில் இருந்தாள். தோல் டாக்டர் டிரைவரைத் திட்டி முடித்து, நோய்க்குத் திரும்பியிருந்தார். எதிர்க்கோடியில் தலைவர் கையைத் தொடைக்கடியில் வைத்து, ஒரே பக்கத்தை முக்கால் மணி நேரமாகப் படித்துக்கொண்டிருந்தார்.

அவள் சேமிக்கும் விசையை அழுத்தினாள். சேமித்துவிட்டதா என்று பார்த்தாள். இன்னொருதடவை அழுத்தினாள். ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

"மாமா."

"ம்."

"அந்த மோட்டார் சாவி விஷயம். அப்படியே விட்டுடப் போறீங்களா?"

அவர் தாளைத் தாழ்த்தி அவளைப் பார்த்தார். பிறகு லேப்டாப்பைப் பார்த்தார்.

"உனக்கு வேல இருக்கும்மா."

"சேவ் பண்ணிட்டேன்."

"எத்தன மணிக்கு அனுப்பணும்?"

"ஒண்ணரைக்கு. நேரம் இருக்கு."

அவர் செய்தித்தாளை மடித்து ஓரமாக வைத்தார். பிறகு வலது கையைத் தொடைக்கடியிலிருந்து உருவி எடுத்தார். மரத்துப்போயிருந்தது போல, விரல்களை ஒவ்வொன்றாக நீட்டி மடக்கினார். நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அந்தச் சாவி சங்கத்தோட சொத்து" என்று ஆரம்பித்தார். குரல் இன்னும் சரியாக ஏறவில்லை. "அது ஒரு தனி மனுஷனோட சட்டப் பைக்குள்ள கெடக்கறத, நான் தலைவரா இருக்கற வரைக்கும்..." கை உயர்ந்தது. அவள் தண்ணீர் டம்ளரை ஓரமாக நகர்த்தினாள். "ஒரு நாளும் அனுமதிக்க மாட்டேன்!"

தொம்.

திரை கறுத்தது. அதன் உள்விசிறியின் முனகலும் நின்று, வீடு சட்டென்று அமைதியானது.

அவள் எழுந்து இடுப்பை வளைத்து நிமிர்ந்தாள்.

"ரெண்டாவது பாயின்ட்டும் இருக்கு" என்றார் தலைவர்.

"இருங்க மாமா, டீ போட்டுட்டு வந்து கேக்கறேன்" என்று சமையலறைக்கு நடந்தாள். பொத்தானை அவள் இன்னும் அழுத்தவில்லை.